சிறுமலை, ஜனத்தொகை நான்கு

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதை காரணம் இல்லை. அந்தப் பெயரை என் கையால் எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஊரார் பெயரையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு அலைந்த மனிதர் இந்த ஓர் இடத்திலாவது பெயரில்லாமல் கிடக்கட்டும் என்கிற அற்ப சந்தோஷமும் உண்டு.

லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கு அடுத்த பிளாக் அவருடையது. ஏதோ ஓர் அமைச்சகத்தில் பெரிய அதிகாரி. அப்பா வேறொரு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து மெல்ல மேலே வந்தவர். அந்த அதிகாரி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் மரியாதை சொட்டும். பள்ளிக்கூடப் பையோடு போகிற என்னைக்கூட "வாங் அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் தில்லியில் பிறந்த பிள்ளைகள், எல்லாரையும் போல அவரையும் அங்கிள் என்றோம்.

காலையில் நடக்கப் போவார். மற்றவர்கள் லோதி தோட்டத்துக்குப் போவார்கள். இவர் குடியிருப்புக்குள்ளேயே, பிளாக் பிளாக்காக, மாடி மாடியாக ஏறி இறங்குவார். மூட்டுக்கு நல்லது என்பார். ஒவ்வொரு கதவின் முன்னாலும் அரை நிமிஷம் நின்று பெயர்ப்பலகையைப் படிப்பார். சட்டைப்பையில் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும். புதிதாக ஒரு குடும்பப் பெயர் கண்ணில் பட்டால் உள்ளங்கை அளவுத் தாளில் எழுதிக்கொண்டு, அதை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். வெற்றிலையைக் குதப்புவது போல அந்தப் பெயர் அவர் கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். அந்த வாய் இப்போதும் என் கண் முன்னால் நிற்கிறது.

வீட்டில் ஒரு நீள ரிஜிஸ்டர் இருந்தது, அலுவலகத்தில் கடிதங்களைப் பதிவதற்கு வைத்திருப்பார்களே அந்த மாதிரி. அதில் ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஒரு பக்கம். தோற்றம், பொருள், ஜனத்தொகை என்று மூன்று தலைப்புகள். ஜனத்தொகை என்றால் அந்தப் பெயரோடு தில்லியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு. பழைய டெலிபோன் டைரக்டரி, வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிக் கதவுப் பலகை என்று எதையும் விடமாட்டார். அடிக்கடி வருகிற பெயர்களில் அவருக்குச் சுவாரசியம் கிடையாது. "இதெல்லாம் லட்சக்கணக்குல கெடக்குதுங். அபூர்வமானது வேணும். நாலு பேரு, அஞ்சு பேரு இருக்கற பேரு. அதுலதானுங் கதை இருக்கும்" என்பார்.

அவருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னால் இரண்டு இனிஷியல், பின்னால் அவர் பெயர், முடிந்தது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. "நாங்கெல்லாம் பேருக்குப் பின்னாடி இருந்த வாலை எப்பவோ வெட்டிப் போட்டுட்டமுங். இந்த வடக்கத்திக்காரங்கதான் இன்னும் தூக்கிட்டுத் திரியறாங்க" என்று எல்லாரிடமும் சொல்வார். தன் வாலை வெட்டிவிட்டு அடுத்தவன் வாலை மோந்து பார்க்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. மற்றவர்களைப் போல நானும் அவரை மேதை என்றுதான் நினைத்தேன்.

நினைக்காமல் எப்படி இருப்பது? எங்கள் மேல்மாடியில் ஒரு சர்தார் குடும்பம் இருந்தது. அவர்கள் பெயரின் கடைசியில் இருப்பது அவர்களுடைய தாத்தாவின் கிராமம், அது இன்ன ஆற்றங்கரையில் இருக்கிறது என்று இவர் சொன்னதும் அந்த மனிதர் கண் கலங்கி இவரைக் கட்டிக்கொண்டார். கீழ்வீட்டுக் காஷ்மீரிக் குடும்பத்தின் பெயருக்கு ஏதோ ஒரு காய் என்று பொருளாம். அங்கே ஒருவருக்கு வைத்த கேலிப் பெயர் அப்படியே பரம்பரைக்கு ஒட்டிக்கொண்டுவிடும் என்று இவர் விளக்க, அந்த வீட்டு ஆன்ட்டி சிரித்துச் சிரித்து இருமினாள். அடுத்த தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து மிட்டாய்ப் பெட்டி வந்தது. ஆக, பெயரைக் கேட்டால் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அவர்களை இவர் சீக்கிரமே விட்டுவிடுவார். சொல்லத் தயங்குகிறவர்களிடம்தான் இவர் ஆராய்ச்சி தொடங்கும்.

நான் பத்தாவது படித்த வருஷம், மே மாதம். குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை. அவர் வீட்டுக் குழாயைப் பார்க்க ஒரு பிளம்பர் வந்திருந்தான். நான் அவருடைய மனைவியிடம் ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். பிளம்பர் குழாயின் கழுத்தைத் திருகிக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"நாம் க்யா ஹை, பேட்டா?" என்று அவன் பெயரைக் கேட்டார்.

"ராஜேஷ், சாப்."

"ராஜேஷ் கே ஆகே?"

"ராஜேஷ் குமார்."

"அச்சா. குமார் கே ஆகே?"

அவன் சிரித்தான். குமாருக்கு அப்புறம் ஒன்றுமில்லை என்றான். இவர் விடவில்லை. அப்பா பெயர் என்ன, அவருக்குப் பின்னால் என்ன, எந்த ஜில்லா, எந்தக் கிராமம், கிராமத்தில் குளம் எந்தப் பக்கம், உன் வீடு எந்தப் பக்கம். குரலில் துளி அதட்டல் கிடையாது. தாத்தா பேரனிடம் கேட்கிற மாதிரி வாஞ்சையாகக் கேட்டார். அவன் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்து, ஒரு வார்த்தை சொன்னான். "அச்சா, அச்சா. பஸ், யூங் ஹீ பூச்சா" என்று இவர் எழுந்தார், சும்மாதான் கேட்டேன் என்று.

அவன் போன கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று நாளைக்கு அப்புறம் வந்த முதல் தண்ணீர். அவர் மனைவி அதைப் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்துக் குளியலறையிலிருந்து வாசல்படி வரை ஊற்றிக் கழுவினார். நான் வாசலில் ஒதுங்கி நின்றேன். எவ்வளவு சுத்தமான வீடு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "இனிமே அங்கிட்டு அடிக்கடி போகாத" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் போனேன். எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அந்த நாற்பத்திரண்டு பேரின் முழுப் பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. என்னை மாதிரி ஒரு பெண்ணை ஒரு பெரிய அதிகாரி உட்காரவைத்து, மோர் கொடுத்து, "கெட்டிக்கார அம்மிணி" என்று சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பட்டியலை நினைக்கும்போது அவர்மேல் வருகிற அருவருப்பில் பாதி என்மேலும் வருகிறது.

இனி எங்கள் பெயர். என் அப்பாவின் ஊர் திண்டுக்கல் பக்கம். வேலையில் சேர அவர் தில்லி வந்தபோது நிரப்பச் சொன்ன படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். காலியாக விட முடியாது என்று அந்த அலுவலகத்துப் பஞ்சாபிக்காரர் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்த மற்றவர்கள் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதினார்கள். எங்கள் தாத்தாவின் பெயர் எந்தச் சாதிக்காரர் வைக்கிற பெயர் என்று கேட்டவுடனே தெரிந்துவிடும். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, சிறுமலை என்று எழுதினார். ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. அப்பா அதில் ஒரு நாளும் ஏறியதில்லை.

"ஊர்ப் பேரையே போட்டிருக்கலாம்லப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஊருன்னு போட்டா எந்தத் தெருன்னு கேப்பாய்ங்க" என்றார் அப்பா. "மலைக்கு ஏதுத்தா தெரு?"

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா ஏதோ அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு, அந்தப் பக்கம் எங்கள் தெரு என்பதோ, எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சாதி என்று கேட்பதாக அர்த்தம் என்பதோ தில்லியில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரியாமலே வளரட்டும் என்றுதான் அப்பாவும் அம்மாவும் நினைத்திருந்தார்கள்.

சிறுமலை என்ற பெயரைப் பெயர்ப்பலகையில் பார்த்த அன்றே அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சிறுமலை வாழைப்பழத்தைப் பற்றியே பேசினார். "பஞ்சாமிர்தத்துக்குப் போற பழமுங் அது. அங்க தோட்டம் வெச்சிருக்கறவங்க லேசுப்பட்டவங்க இல்லீங்" என்றார். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு, தில்லியில் இப்படி ஒரு காப்பி குடித்ததே இல்லை என்றார். அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவார், குடிப்பார், புகழ்வார்.

நான் பதினொன்றாவது முடிக்கிற சமயம் அப்பா ஓய்வு பெற இருந்தார். குவார்ட்டர்ஸைச் சில மாதங்களில் காலி செய்ய வேண்டும். அடுத்த வருஷம் எனக்குப் பொதுத்தேர்வு, தம்பி அப்போது ஏழாவது. அம்மாவும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போய், முகம் தொங்கித் திரும்பி வருவார்கள். குடும்பப் பெயர் என்ன, மீன் கறி உண்டா, சொந்த ஊரில் யார் யார் என்று ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. அப்போதுதான் அவர் சொன்னார், மயூர் விஹாரில் தன் மைத்துனருக்கு ஒரு ஃபிளாட் காலியாக இருக்கிறது என்று. "உங்களை மாதிரி குடும்பத்துக்குக் குடுக்கறதுக்குத்தானுங் காத்திட்டு இருக்கறான்" என்றார்.

நாங்கள் நால்வரும் போய்ப் பார்த்தோம். சமையலறையில் ஜன்னல் இருந்தது. அம்மா கிரைண்டர் வைக்கிற இடத்தைச் சாணால் அளந்தாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. பால்கனியில் கருவேப்பிலைத் தொட்டி எங்கே வைப்பது என்று தம்பியிடம் கேட்டாள். அம்மா எங்களிடம் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ரிஜிஸ்டரில் எங்கள் பக்கத்தை எடுத்து வைத்திருந்தார். தில்லிப் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது, ஆனால் ஜனத்தொகை என்ற இடத்தில் 4 என்று எழுதியிருந்தது தெரிந்தது.

"உங்க பேரு ரொம்ப அபூர்வமுங் அம்மிணி. தேடாத எடமில்லை. தில்லியில மொத்தமே நீங்க நாலு பேருதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. "தோட்டம் மலையில எந்தப் பக்கமுங்? அப்பாரு வீடு எந்தத் தெருவுலங் கண்ணு?" தாத்தாவைத்தான் அப்பாரு என்பார்.

எனக்கு அப்பாவின் வாக்கியம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது கிடைக்கும்?

"மலைக்கு ஏது தெரு அங்கிள்?" என்றேன். "அதுக்குத்தான் அப்பா அந்தப் பேரு வெச்சாரு. ஊர்ப் பேரு போட்டா எந்தத் தெருன்னு கேப்பாங்களாம். மலைன்னா கேக்க முடியாது. பக்கா பிளான்!"

அவர் ரிஜிஸ்டரை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். தொப்பை குலுங்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு சிரிப்பு. நானும் கூடச் சிரித்தேன். "கெட்டிக்கார அம்மிணி" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். நான் குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "மச்சான் பையன் ஒருத்தன் வேலைக்கு இங்க வர்றானாமுங். ஃபிளாட் அவனுக்கு வேணுமாமுங். எனக்கே மனசு கஷ்டமாப் போச்சுங்" என்றார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "இப்பத்தானுங் வீட்டுல குடிச்சேன்" என்றார். டம்ளரைத் தொடவில்லை. ஊர்ச் செய்தி, ஆபீஸ் செய்தி எல்லாம் கால்மணி நேரம் பேசினார். காப்பியில் ஆடை படிந்தது. கிளம்பும்போது கை கூப்பி, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்" என்றார். அப்பா வழக்கம் போல அவரோடு படியிறங்கிப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அம்மா அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"எந்தத் தெருன்னு தெரிஞ்சுபோச்சு. அதானே?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எப்பிடித் தெரிஞ்சுச்சு? ஊர்ல இருந்து யாரு வந்து சொன்னா இவனுக்கு?"

"எப்பிடியோ தெரிஞ்சுச்சு. விடு" என்றார் அப்பா.

நான் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். அந்த நிமிஷம்தான் தெரு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. பிளம்பர் போனபின் ஊற்றிய தண்ணீரும் புரிந்தது. அம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் நான்தான் என்பதும் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

முனிர்க்காவில் ஒரு சந்துக்குள், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம் என்கிற மாதிரி ஒரு வீடு கிடைத்தது. கிரைண்டர் வைக்க இடமில்லை. இரண்டு வருஷம் அது சாக்கு மூட்டையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவரோ நாங்கள் சாமான் ஏற்றுகிற அன்று வந்து நின்று, லாரிக்காரனிடம் "ஆராம் ஸே, பையா, ஆராம் ஸே" என்று, பார்த்து மெதுவாக ஏற்றும்படி சொல்லிக்கொண்டிருந்தார். புறப்படும்போது தம்பி கையில் ஒரு லட்டுப் பொட்டலத்தைத் திணித்தார். முனிர்க்கா போய்ச் சேர்ந்ததும் அம்மா அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாள். நாய்க்குக்கூடப் போடவில்லை.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருஷம் இருக்கும். அவர் இறந்துவிட்டார். நான் இப்போது தில்லியிலேயே துவாரகாவில் இருக்கிறேன், அப்பாவும் அம்மாவும் என்னோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய குவார்ட்டர்ஸ்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சுட்டி வந்தது. வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மகன் அந்த ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அப்பாவின் வாழ்நாள் ஆராய்ச்சி என்று இணையத்தில் போட்டிருந்தான். ஆங்கிலத்தில் அகரவரிசைப்படி பெயர்ப் பட்டியல். குழுவில் ஆளுக்கொரு கும்பிடு போட்டிருந்தார்கள். நான் தேடினேன். எங்கள் பெயர் இருந்தது. அழுத்தினால் அவர் கையெழுத்தில் முழுப் பக்கமும் திறந்தது. கறுப்பு மையில் எழுதியதில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார், கீழே சிவப்பில் சில வரிகள்.

என்னால் படிக்க முடியவில்லை. அப்பாவிடம் போனை நீட்டினேன். இல்லை, முட்டாள்தனமாக நீட்டினேன் என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தார்.

"சிறுமலை. தோற்றம், மலையின் பெயர். பொருள், சின்ன மலை. ஜனத்தொகை, தில்லியில் நான்கு. வேறெங்கும் இல்லை." நிறுத்தினார். "அம்புட்டுத்தான்த்தா."

"கீழ செவப்புல இருக்கேப்பா?"

"கையெழுத்துப் புரியல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் எல்லார் கிறுக்கலையும் படித்துத் தட்டச்சுக்கு அனுப்பியவர் என் அப்பா.

அதற்குப் பிறகுதான் தமிழ் எழுத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். அச்சு எழுத்து முதலில் வந்தது, கையெழுத்து வர ஒரு வருஷம் பிடித்தது. இப்போது எழுதவும் வருகிறது. எல்லாம் அந்த ஆளின் சிவப்பு மைக்காகத் தொடங்கியது என்பதை நினைத்தால் படித்த படிப்பின் மேலேயே ஒரு பிசுபிசுப்பு ஒட்டியிருப்பது போல இருக்கிறது. சிவப்பில் இருந்தது இதுதான்:

"தோட்டக்காரர் என்று எழுதியது தவறு. தெருவைச் சொல்ல விரும்பாத குடும்பம். தகவல் தந்தது: மகள், பதினோராம் வகுப்பு. கெட்டிக்காரப் பெண்."

அப்பா பால்கனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்தாள், கிரைண்டர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செவப்புல இருந்ததப் படிச்சுட்டேன்ப்பா. நான்தான் சொன்னேன்னு அன்னைக்குப் போன்ல அதைப் பாத்துத்தான் ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அப்பவே தெரியும்த்தா. ஃபிளாட் இல்லைன்னு சொல்லிட்டுப் போனாருல்ல, படியிறங்கறப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, உங்க பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரிங்கன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்கம்மாக்கு இன்னும் தெரியாது. தெரிய வேணாம்."